பத்து வருடத்துக்கு எத்தனை கம்பியூட்டர்?

நான் போகிற இடமெல்லாம் இரண்டு கேள்விதான் கேட்பேன். எங்கெங்கே கம்பியூட்டர் வைக்கப் போகிறீர்கள்? இன்னும் பத்து வருடத்தில் எத்தனை வைப்பீர்கள்? முதலாவதற்குக் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். இரண்டாவதற்கு ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. பள்ளிவாசல்துறையில் ஐஸ் விற்கும் ஒருவர், மூன்று இடத்துக்குக் கேபிள் இழுத்தால் போதும், அதற்கு மேல் தனக்கு எதற்கு என்றார். ஆறு மாதம் கழித்துக் கமராக்களுக்கும் சேர்த்துப் பதினொன்று கேட்டார். மறுபடியும் ஏணி, மறுபடியும் சுவர் துளைக்கிற மெஷின், மறுபடியும் என் முதுகு. உப்புக் காற்று வேறு கேபிள் முனைகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். பன்னிரண்டு வருடமாகக் கம்பியூட்டர்களுக்குக் கேபிள் இழுக்கிற இதே தொழில். அலுத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்படி அலுத்துப்போயிருந்த ஒரு நாளில்தான் கற்பிட்டி வீதியில் இருக்கும் அந்தப் பாடசாலைக்குப் போனேன். தொண்ணூறில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த எங்கள் முஸ்லிம் சனத்தின் பிள்ளைகளுக்காக ஓலைக் கொட்டிலில் தொடங்கிய பாடசாலை. நான் உம்மாவின் இடுப்பில் கைக்குழந்தையாக வந்தவன். பாடசாலையின் இப்போதைய அதிபர் அப்போது இளம் ஆசிரியை. கொட்டிலில் முதல் பாடம் எடுத்தவரே அவர்தான். இப்போது ஓய்வுக்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது.

அந்த வருடம் பதினொரு பெண்பிள்ளைகள் பாடசாலையின் கடைசி இரண்டு வருடமான உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கக் காத்திருந்தார்கள். கணினி அறைக்கான வலையமைப்புத் திட்டம் வெள்ளிக்கிழமைக்குள் மேலிடத்துக்குப் போனால் வகுப்புக்கு அனுமதி கிடைக்கும். கிடைக்காவிட்டால் தினமும் பஸ் ஏறிப் புத்தளத்துக்குப் போக வேண்டும். பாதிப் பேரை வீட்டில் அனுப்பமாட்டார்கள். அவர்களுடைய படிப்பு அதோடு சரி. நான் போனது புதன்கிழமை.

அளவுநாடாவின் மறுமுனையை அதிபரே பிடித்துக்கொண்டு நடந்தார். வாசலில் நின்ற கழுதையை ஒரு கையால் விரட்டிக்கொண்டே நாடாவை விடாமல் பிடித்தார். அலுவலகத்திலிருந்து கணினி அறைக்கு முற்றத்தைக் குறுக்கே கடந்தால் எண்பது மீற்றர். ஆனால் கேபிள் நம்மைப் போல முற்றத்தில் நடக்காது. சுவரில் ஏறி, விறாந்தைக் கூரையோடு வளைந்து இறங்க வேண்டும். அப்படி அளந்தால் நூற்று முப்பது. ஒரே கேபிள் நூறு மீற்றருக்கு மேல் போகக்கூடாது, போனால் கம்பியூட்டர்கள் ஒழுங்காகப் பேசிக்கொள்ளாது. ஆகவே நடுவில் இருக்கும் நூலகத்தில் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும் என்றேன். லைட் போடுகிற சுவிட்ச் இல்லை, கேபிள்களெல்லாம் வந்து செருகிக்கொள்ளும் பெட்டி என்று விளக்கினேன். அவர் அலுமாரிக்கு மேலே இடம் காட்டினார்.

"இதக் கழட்டலாமா தம்பி?"

"கழட்டலாம் டீச்சர். ரெண்டு ஆணிதான்."

"கேபிள?"

"அதச் சுவர வெட்டிப் பைப்புக்குள்ள பதிப்பம். கழட்டேலாது."

"அப்ப வேணாம். வெளியால அடிங்க. போகேக்க கழட்டிக் கொண்டு போற மாதிரி."

போகேக்க, அதாவது போகும்போது. எங்கள் சனத்துக்கு இந்தச் சொல் சோறு தண்ணி மாதிரி. கதவுக்கு நல்ல பூட்டு வாங்கவும், மாமரம் வைக்கவும், சுவருக்குச் சாந்து பூசவும் இந்த ஒரு சொல்தான் தடை. ஊருக்குப் போகேக்க பார்க்கலாம்.

அலுவலகத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். இப்போது தேவைப்படுவது இருபத்திரண்டு. பத்து வருடத்தில் தேவைப்படுவது என்ற கட்டத்திலும் அதிபர் இருபத்திரண்டு என்றே எழுதினார். வளர இடமில்லாத திட்டத்தை மேலிடம் அப்படியே திருப்பி அனுப்பிவிடும் என்று நான் ஏற்கனவே இரண்டு தடவை சொல்லியிருந்தேன். என் பொறுமை அத்தோடு போய்விட்டது.

"முப்பது வருசத்துக்கு மேல போகேக்க போகேக்க எண்டுதான் இருக்கிறம் டீச்சர். எங்க போனம்? அதுக்காக அந்தப் பதினொரு புள்ளையளும் வீட்டுக்குள்ள இருக்கோணுமா?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்தவர் அவர். ஆனால் அவர் கோபப்படவில்லை. பால் விடாத பிளேன்டீயை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"ஆறு மாசம் எண்டு சொல்லித்தான் தம்பி நான் புள்ளையளச் சேத்தனான். பாயில இருந்து படிக்கட்டும், ஆறு மாசத்தால ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரலாம் எண்டு வீடு வீடாப் போய்ச் சொன்னனான். பிறகு ஒவ்வொரு வருசமும் சொன்னனான். அந்தப் புள்ளையள்ட புள்ளையள்தான் இந்தப் பதினொண்டும். இப்ப நான் இதில கூட்டி எழுதினா, இவ்வளவு காலமும் சொன்னது பொய் எண்டு நானே கையெழுத்து வைக்கிற மாதிரி."

ஊருக்கெல்லாம் சுவர் வெட்டிப் பைப் பதிக்கிறவன் நான். என் வீட்டுக் கிணற்று மோட்டர் வயர் ஒன்பது வருடமாக ஜன்னல் வழியாகத்தான் தொங்குகிறது. மழைக்குப் பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கிறேன். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எழும்பி எங்காவது போய்ப் படுத்துவிடலாம் போலவும் இருந்தது.

அதிபர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுந்து போய் பிள்ளைகளின் பெயர் எழுதிய இரண்டாம் வகுப்பு இடாப்பை எடுத்து வந்தார். பத்து வருடத்தில் உயர்தரத்துக்கு வரப்போவது இந்தப் பிள்ளைகள்தான், குத்துமதிப்பாக எழுதுவதைவிட ஆள் ஆளாக எண்ணிவிடலாம் என்றார். ஒவ்வொரு பெயராக வாசித்து, என்னிடமும் விசாரித்து, இங்கேயே இருக்கப்போகிற பிள்ளைக்கு நேரே பென்சிலால் கோடு போட்டார். இந்தப் பிள்ளையின் வாப்பா இங்கே காணி வாங்கிவிட்டார், கோடு. இந்தக் குடும்பம் மன்னாருக்குத் திரும்பிப் போகிறது, கோடு இல்லை. அவர் நிதானமாகத்தான் செய்தார். இறங்கிக்கொண்டே வந்த பென்சில் ஓரிடத்தில் நின்றது. அது என் மகளின் பெயர்.

"இவ பத்து வருசத்தால இங்கயா இருப்பா?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை. மற்றப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கேட்ட மாதிரியேதான் கேட்டார்.

உம்மா இன்னும் இருக்கிறார். ஊரில் எங்கள் காணியின் நான்கு எல்லையும் எது எது என்று வெள்ளிக்கிழமை தோறும் என் மகளிடம் சொல்லிக் கொடுக்கிறார். மகள் தலையாட்டிக் கேட்பாள், நான் பக்கத்தில் இருந்து சாப்பிடுவேன்.

"எண்ணுங்க டீச்சர்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.