ஏழாம் கிணற்றின் அரை மீட்டர்

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: எங்கள் பேராசிரியர், சென்னையிலிருந்து வந்த மதிப்பீட்டுக் குழுவினர் இருவர், கணினி முன்னால் புதிதாகச் சேர்ந்த குறிஞ்சிப்பாடிப் பெண். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் கணினி நிரலை எழுதியவர். வெளிநாடு போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. இன்னொருவன் நான். வராந்தாவில் நின்றிருந்தேன்.

சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் அளவைக் கொடுத்தால், அடுத்த ஆண்டு நிலத்தடி நீர் எங்கே நிற்கும் என்று சொல்லும் நிரல் அது. ஓட்டத் தெரிந்தவன் நான் மட்டும்தான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. ஒருவனுக்கு மட்டுமே ஓட்டத் தெரியும் என்பதைத்தான் போன முறை வந்த குழு குறையாகச் சொன்னது. நான் இல்லாமல் நிரல் ஓடினால் திட்டம் நீளும். இல்லையென்றால் என் வேலையும் அந்தப் பெண்ணின் வேலையும் போகும்.

அந்தக் குழு வந்துபோன வாரம் காய்ச்சலில் படுத்தும் ஆய்வுக்கூடத்துப் போன் விடவில்லை. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் அப்பா சிரித்தார்.

"ஷிப்ட் முடிஞ்சா எனக்கே ரிலீவர் வர்றான். நீ படிச்சவன், உனக்கு ஆள் இல்லியாடா?"

கோபம்தான் வந்தது. காய்ச்சல் விட்டதும் போய் ஒரு நீள நோட்டு வாங்கினேன். சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது எழுதுவதைப் போலவே நானும் அந்தப் பெண்ணும் எழுதினோம்: எது ஓடுகிறது, எதை மாற்றினோம், ஏன். எழுதியவர் ஒரு கையெழுத்து, அதைப் படித்து ஓட்டிப் பார்த்தவர் ஒரு கையெழுத்து. அவள் ஓட்டும்போது நான் வெளியே நிற்க வேண்டும். வாயைத் திறந்தால் ஒரு டீ அபராதம்.

"அண்ணா, ஏழாங்கெணறு அரை மீட்டர் ஒதைக்குது."

"அதுல கழிக்கணும்மா. ரோடு ஒசத்தினப்ப, நாம மேலேர்ந்து அளக்கிற குழாயையும் ஒசத்திட்டாங்க."

"எங்க எழுதியிருக்கு?"

எங்கும் இல்லை. நான்கு வருடமாக மனசுக்குள் கழித்துவிட்டுத்தான் எண்ணைத் தட்டியிருக்கிறேன்.

"உங்க தலையையும் ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டுப் போங்க. இது பத்தாவது டீ."

அன்றே அந்தக் கழித்தலைக் காரணத்தோடு நிரலுக்குள் எழுதினோம்.

மதிப்பீட்டு நாளில் குழுவினர் மூன்று வருடத்துக்கு முந்தைய அளவுத்தாள்களை அவளிடம் கொடுத்தார்கள். உள்ளே நோட்டுப் புரளும் சத்தம் கேட்டது. "ஏழாவதில் மட்டும் ஏன் குறைகிறது?" என்று ஒருவர் கேட்டார். அவள் பக்கத்தைத் திருப்பி, ரோடு, குழாய் எல்லாவற்றையும் வாசித்தாள். பழைய அறிக்கையோடு எல்லா எண்களும் ஒத்துப்போயின.

பேராசிரியர் கதவைத் திறந்தார். "இனிமே நீ தாராளமா காய்ச்சல்ல படுக்கலாம்பா. மூணு வருஷம் நீட்டிச்சிட்டாங்க."

வராந்தாவில் குதித்தேன், வெட்கமில்லாமல்.

"வெளிய நின்னுகினு ஏழு, ஏழுன்னு சொல்லிக்கினே இருந்தீங்க, கேட்டுச்சு," என்றாள் அவள். "அதுவும் டீதான்."

நோட்டு அறுபது ரூபாய். டீ எட்டு ரூபாய் வீதம் பதினொன்று. ஆக மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு ரூபாய்.