ஈரக் கட்டுகள்

தை மாதம், செவ்வாய்க்கிழமை, திருப்பாலைவனம். பிற்பகலில் எங்கள் வைக்கோல் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே சென்று மாடுகளை அவிழ்த்துவிட்ட என் தம்பி வெளியே வரவில்லை.

வைக்கோலைக் கட்டிக் கொட்டகையில் அடுக்கியவர், வைக்கோல் கட்டும் இயந்திரத்தோடு வாடகைக்கு வந்த ஓட்டுநர். நெடிய உருவம், எதையும் முகர்ந்து பார்க்கும் வழக்கம். பக்கத்து ஏரியிலிருந்து வரும் பனிக்கு அஞ்சி, ஈரம் காயுமுன்பே கட்டுகளைத் தார்ப்பாயால் இறுக மூடியிருந்தார். சில நாட்கள் உள்ளுக்குள் புழுங்கி, அவை தாமே பற்றிக்கொண்டன.

மறுநாள் வந்தவர், எரியாத கட்டொன்றைப் பிரித்து முகர்ந்தார்.

"காயவைத்து அடுக்கியிருக்கலாமே" என்றேன்.

"மாடுங்க பொழச்சிக்கிச்சில்ல, அத்தப் பாரு சார். இந்தக் கட்டுங்கோ நல்லாத்தான் கீது. சுண்ணாம்புக்குளம் ஊர்ல வெலைக்குக் கேக்குறாங்கோ. ஏத்திக்கினு போவட்டா?"

குரலில் ஏளனம் இல்லை. பரிவு போன்ற ஒன்றே இருந்தது. அது என்னவென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

இன்னும் செய்யாதவை: மீதிக் கட்டுகளை உலர்த்துவது. கொட்டகைச் சுவரில் காற்றுவழி திறப்பது. அந்த மனிதருக்குப் பதில் சொல்வது.