பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில்

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் பழைய அரிசிக் கிடங்குக்கு மேல்மாடியில்தான் எங்கள் டாக்டரின் ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரி என்று சொன்னால் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். முன்னால் டாக்டர் உட்காரும் அறை. பின்னால் ஒரு நீளமான கூடம், அதில் சில கட்டில்கள், ஆக்சிஜன், வயதான ஒரு சிஸ்டர். அவ்வளவுதான். மரப்படி செங்குத்தாக இருக்கும். ஏறி வருகிறவர் எங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்று டாக்டர் உள்ளே இருந்தபடியே காது கொடுத்துக் கேட்பார். போய் நின்றதும், "இன்னிக்கு ரெண்டு தடவெ நின்னு, இல்லே?" என்பார், மலையாளம் கலந்த தமிழில். அதற்குப் பிறகுதான் குழாயை நெஞ்சில் வைப்பார்.

என் வீட்டுக்காரருக்கு இருதயம் பலவீனம். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதலில் காலில் நீர் கட்டும், பிறகு மேலே ஏறி மூச்சை அடைக்கும். டாக்டர் படுக்க வைத்து ஊசி போட்டு நீரை இறக்கி அனுப்புவார். பென்ஷன்காரர்களுக்கு இன்ஷுரன்ஸ் அட்டை வந்ததும் டாக்டரும் அதில் சேர்ந்துகொண்டார். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அட்டையைக் காட்டினால் போதும், கட்டில் கிடைக்கும்.

மாரியம்மன் திருவிழாவில் எங்கள் வீட்டுக்காரர் வருஷா வருஷம் காப்புக் கட்டுவார். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டால், அவிழ்க்கும் வரைக்கும் எல்லை தாண்டக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு எல்லை என்றால் தோப்பும்படிப் பாலம். அதற்கு அப்பால் எறணாகுளம். பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் அங்கேதான்.

போன வருஷம் காப்போடு இருக்கும்போதே மூச்சு முட்டியது. டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"எறணாகுளத்துக்குப் போனா மெஷின் எல்லாம் உண்டு. ஞான் எழுதித் தராம்" என்றார் டாக்டர்.

"காப்புக் கட்டியிருக்கேன் டாக்டரே. பாலம் தாண்டக்கூடாது."

"தாண்டினா அம்மா கோவிக்கும். தாண்டலேன்னா ஞான் கோவிக்கும். அதுக்கு என்ன செய்யும்?"

"அம்மா கோவம் அப்படியே நிக்கும். உங்க கோவம் ஒரு சாயா குடிச்சா போயிரும்."

டாக்டர் வேறு மதத்துக்காரர். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிஸ்டரைக் கூப்பிட்டு ஜன்னலோரக் கட்டிலை விரிக்கச் சொன்னார். காப்புக் கட்டிய கையை விட்டுவிட்டு அடுத்த கையில் ஊசி ஏற்றினார்கள். தீச்சட்டி எடுக்க முடியவில்லை என்றாலும், காப்பு அவிழ்க்கிற அன்றைக்கு அவர் நடந்தே கோயிலுக்குப் போனார். அம்மனும் காப்பாற்றினாள், டாக்டரும் காப்பாற்றினார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த இன்ஷுரன்ஸ் போர்டைக் கழற்றிவிட்டார்கள். டாக்டர் இன்ஷுரன்ஸை விட்டுவிட்டாராம். பின்னால் இருந்த கட்டில்களையும் எடுத்துவிட்டாராம். இனி பார்த்து மருந்து எழுதித் தருவது மட்டும்தான். தெருவில் எல்லோரும், "அவருக்கும் காசாசை வந்துருச்சு" என்று பேசினார்கள். கொஞ்ச நாள் கழித்து சிஸ்டரை மீன் மார்க்கெட்டில் பார்த்தேன். வேலை போய் வீட்டில் இருந்தார்.

"காசாசையா? உங்களுக்கு ஒண்ணும் அறியாது சேச்சி" என்றார். "ஒவ்வொரு ரோகிக்கும் இன்ஷுரன்ஸ்காரங்க கேள்வி. எதுக்கு இங்கே கிடத்தினே, எதுக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பல்லேன்னு. உங்க வீட்டுக்காரருக்கும் கேட்டாங்க. டாக்டர் உள்ளதை உள்ள மாதிரி எழுதினார். விரதம் இருக்கார், பாலம் தாண்ட மாட்டார்னு."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அது வைத்தியக் காரணம் இல்லேன்னு பில்லைத் தள்ளிட்டாங்க. வேற ஏதாவது எழுதிக் கொடுங்க டாக்டரேன்னு நான் சொன்னேன். கேட்கல்லே. அதுபோல எத்தனையோ கேஸ். கடைசியில மதி, போதும்னு சொல்லிட்டார்."

அட்டை செல்லாத இடத்தில் யார் வந்து படுப்பார்கள். ஆள் இல்லாத கட்டிலுக்கு ஆக்சிஜன் எதற்கு, சிஸ்டர் எதற்கு. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"நம்மாலயா?"

"நம்மால மட்டும் இல்லையாம்."

அன்றைக்குப் பிறகு அவர் டாக்டரிடம் போகவே இல்லை. கூப்பிட்டால், "அந்த மனுஷன் மூஞ்சில எப்படி முழிக்கிறது" என்பார். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொள்வார். நான் சொல்லிப் பார்த்தேன், மகளை விட்டும் சொல்லிப் பார்த்தேன். ஆலுவாவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம் அவளை. அவள் போனில் கத்தினால் இவர் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார்.

இந்த வருஷமும் திருவிழா வந்தது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக் காப்புக் கட்டிக்கொண்டார். மஞ்சள் வேட்டியைத் தரை தொடும்படி இறக்கிக் கட்டியிருந்தார். பக்திக்காக என்று நினைத்தேன்.

காப்புக் கட்டியவர்களுக்கு வீட்டுப் பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றிக் கால் கழுவி விடுவது வழக்கம். அன்று பகலில் மணையைப் போட்டு உட்கார வைத்தேன். அவர் வேட்டியை விடாமல் பிடித்துக்கொண்டார். "விடுங்க, அம்மனுக்குச் செய்யறது" என்று சொல்லி விலக்கினேன். கால் இரண்டும் தூணாக வீங்கியிருந்தன. தேய்க்கும்போது என் பெருவிரல் அழுந்திய இடம் குழியாகவே நின்றது. மேலே வரவில்லை. நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டருக்குப் போன் செய்தேன். மறு வார்த்தை கேட்காமல் எங்கள் லைன் வீட்டுக்கே வந்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். ஊசி போட்டார்.

"கட்டில் இருந்தப்போ காப்போட கிடத்தினேன். இப்போ என்கிட்ட ஆக்சிஜன் கூட இல்லே. இன்னிக்கே அக்கரைக்குக் கொண்டு போகணும் சேச்சி."

இவர் டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னாலதானே டாக்டரே உங்களுக்கு..."

"அதெல்லாம் பின்னே பேசலாம். மூச்சை மிச்சம் வை."

"காப்போட தாண்ட மாட்டேன்."

இந்த முறை டாக்டர் சிரிக்கவில்லை.

பூசாரி எனக்குத் தம்பி முறை. ஓடி வந்தான். நடுவில் காப்பு அவிழ்க்க வேண்டுமென்றால் அம்மனிடம் பூக் கேட்க வேண்டும். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து சன்னதியில் வைத்துக் குலுக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுப்பான். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தது.

மகள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். "மாமா, இன்னொரு தடவை எடுங்க" என்றாள். ஒரு பூஜைக்கு ஒரு தடவைதான் கேட்கலாம் என்றான் பூசாரி. "அப்பா செத்தா உங்க அம்மனா வந்து கொள்ளி வைக்கும்?" என்று கேட்டுவிட்டாள். சன்னதியில் பேசுகிற பேச்சில்லை. ஆனால் நான் அவளை அதட்டவில்லை.

டாக்டர் சாயங்காலமும் வந்தார், விடிந்ததும் வந்தார். ஊசி போட்டார். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்தார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்.

காலைப் பூஜையில் வெள்ளை வந்தது. அவரை நாற்காலியோடு தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூசாரி கயிற்றை அவிழ்க்கும்போது அவர் கும்பிடக் கையைத் தூக்கினார், பாதி வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்தே ஆம்புலன்சில் ஏற்றினோம். பாலத்தில் கூட்டம், வண்டி நகரவில்லை. நான் அம்மா அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் அட்டையை வாங்கிப் பார்த்த பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கட்டில், மெஷின், ஆக்சிஜன் எல்லாம் அட்டைக்கே கிடைத்தது. உள்ளே இருந்த டாக்டர் வெளியில் வந்து, "நேத்தே கொண்டு வந்திருக்கக்கூடாதா?" என்று கேட்டார்.

திருவிழா முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

பூசாரி போன் செய்தான். "அக்கா, மாமாவைக் கொண்டு வாங்க. திருவிழாவை நிறுத்திக்கிறோம். கமிட்டியில எல்லாரும் சம்மதிச்சுட்டாங்க" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். எல்லைக்குள் பிணம் வந்தால் திருவிழா நின்றுவிடும். காப்புக் கட்டியிருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஒவ்வொருவருக்கும் எத்தனை வேண்டுதல். "வேண்டாம் தம்பி. அவரு இருந்தா ஒத்துக்க மாட்டாரு. நடத்துங்க" என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். அக்கரையிலேயே எரித்தோம். அவர் பிறந்து வளர்ந்த தெருவில் அவரைக் கொண்டு வந்து வைக்கவில்லை.

டாக்டர் பஸ் ஏறி வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் ஆட்களோடு நின்றார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார்.

"அன்னிக்கு ஞான் வேற காரணம் எழுதியிருக்கலாம் சேச்சி. ஒத்தை வரி. கட்டிலெல்லாம் போகாம இருந்திருக்குமோ என்னமோ."

"அவரு பேருல பொய் எழுதினீங்கன்னு தெரிஞ்சா, அவரு அந்தக் கட்டில்ல படுத்திருக்க மாட்டாரு டாக்டரே."

பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்கப் போனவரை மகள்தான் கூப்பிட்டு எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். வண்டி பாலம் ஏறி இறங்கியது. மட்டாஞ்சேரிக்குள் நுழைந்ததும் கோயில் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. தீச்சட்டி புறப்பட்டிருக்க வேண்டும்.

எங்களுக்குத் தீட்டு. அந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது. வண்டியைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னேன்.