டைட் வச்சாச்சு

எண்பதுகளில் விழுப்புரத்து முதலாளி ஒருவரின் லாரியை நானும் என் சகலையும் மாற்றி மாற்றி ஓட்டினோம். அக்காளை அவன் கட்டியிருந்தான், தங்கையை நான். ஒரே வயது என்பதால் வா போ என்றுதான் பேசிக்கொள்வோம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போவோம், அங்கே கிடைத்த சரக்கோடு கிடைத்த ஊருக்குப் போவோம். ஒருவன் ஓட்டும்போது மற்றவன் தூங்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாங்கள் தூங்கியதே இல்லை. திண்டிவனம் தாண்டியும் மாமியார் வீட்டுக் கதையில் பாதி பாக்கியிருக்கும்.

ஸ்டேரிங் வளையத்தின் உச்சியில் அவன் ஒரு சிவப்புக் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். ஆயுத பூஜையன்று கட்டியது. முடிச்சு மூக்குக்கு நேராக இருந்தால் வண்டி நேராகப் போகிறது என்று கணக்கு. “கண்ண மூடிக்கினு தடவினாகூட ரோடு தெரியும் சகல” என்று பீற்றிக்கொள்வான்.

ஒரு கோடையில் இடது முன்சக்கரத்துப் பக்கம் இருக்கும் வில் பட்டைகளில் ஒன்று முறிந்தது. முன் அச்சின் மேல் வண்டியைத் தாங்குவது இந்த இரும்புப் பட்டைக் கட்டுதான். கட்டின் நடுவே, அச்சு இடம் மாறாதபடி, ஒரு சென்டர் போல்ட் ஓடும். கட்டையும் அச்சையும் சேர்த்துப் பிடித்திருப்பவை யூ போல்ட்டுகள். புதுப் பட்டை வைத்துக் கொடுத்த மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னான்: “ரெண்டு லோடு ஓட்டினா புதுப் பட்டை அமுங்கி உக்காரும், யூ போல்ட்டு லூஸ் ஆவும். மறுபடி டைட் வைங்க, மறந்துடாதீங்க.” வண்டி யார் கையில் வந்து நிற்கிறதோ அவன்தான் அடியில் படுத்து முடுக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குள் சட்டம். இரண்டாவது லோடு என் கையில் முடிந்தது.

மறுநாள் என் மனைவிக்கு வளைகாப்பு. நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுப் பந்தலில் மாப்பிள்ளை முறுக்கோடு நின்றிருந்தேன். சகலை சந்தனக் கிண்ணத்தோடு வந்து காதோரம் கேட்டான்: “யூ போல்ட்டு டைட் வச்சிட்டியா?”

“வச்சாச்சு வச்சாச்சு” என்றேன். வைக்கவில்லை. மாலையில் போய் வைத்துவிடலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். மாலையில் விருந்தாளிகள் போகவில்லை. அதற்கடுத்த நாள் நான் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட, அவன் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. சொன்ன வார்த்தையை நானே நம்பிவிட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தவன் முதலாளி முன்னால் சாவியை என் கையில் கொடுத்தான். “ஸ்டேரிங்கு கோணலா நிக்குது சகல. மெக்கானிக் செட்டுல காட்டணும். திண்டிவனத்துக்கு இந்தாண்ட எரும ஒண்ணு குறுக்க வந்துடுச்சி, பிரேக்க ஒரே மிதி மிதிச்சேன்.” நான் ஏறி ஓட்டிப் பார்த்தேன். சாலை நேராக இருக்க, சிவப்பு முடிச்சு வலது பக்கம் சாய்ந்து நின்றது. கையை எடுத்தால் வண்டி இடது ஓரத்துக்கு இழுத்தது.

எனக்கு முன்கோபம் உண்டு. வண்டியைப் பற்றி என்னைவிட அறிந்தவன் ஊரில் இல்லை என்ற கொழுப்பும் அப்போது உண்டு. “பிரேக் புடிச்சா எங்கியாச்சும் ஸ்டேரிங்கு கோணுமா? பள்ளத்துல வுட்டுட்டு எரும மேல பழி போடறியா?” என்று கத்தினேன். முதலாளி என் பக்கம் சேர்ந்துகொண்டார். “கேக்கறவன் கேணயனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான்” என்றார். இனிமேல் என் வண்டியைத் தொடாதே என்று அவனிடம் சொல்லிவிட்டார். சகலை அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான். எதிர்த்துப் பேசுவான், நாலு வார்த்தை ஏசுவான் என்று காத்திருந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பத்தே நாளில் குடும்பத்தோடு கண்டாச்சிபுரத்துக்குப் போய் ஒரு விவசாயியிடம் டிராக்டர் ஓட்டச் சேர்ந்தான். அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். என் மகன் பிறந்ததற்குக்கூட அவர்கள் வரவில்லை.

முதலாளி வேறு ஆளைப் போடவில்லை. விழுப்புரத்தில் மூட்டை ஏற்றித் திண்டிவனம் எண்ணெய் மில்லில் இறக்குவது மட்டும் என் வேலையாயிற்று. ஒற்றை ஆளுக்கு அது போதும் என்றார். குறைந்த தூரம்தான், ஆனால் அந்தச் சாலை அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. இடது பக்க சீட்டில் என் சாப்பாட்டுத் தூக்கு மட்டும் உட்கார்ந்திருக்கும். பாதி வழியில் ஏதாவது சொல்ல வாயெடுப்பேன், அப்புறம் மூடிக்கொள்வேன். டீக்கடையில் பழக்கத்தில் ரெண்டு டீ சொல்லிவிட்டு இரண்டையும் நானே குடித்திருக்கிறேன். எனக்கு ஆள் வேண்டியிருந்தது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

இதற்கு நடுவே கோணலைச் சரிசெய்யும் பேஜாரு ஒரு பக்கம். டயரில் காற்றைச் சமமாகப் பிடித்தேன். இடது டயரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றினேன். முன் சக்கரங்களை இணைக்கும் டை ராடைச் செட்டில் திருகி வைத்தார்கள், சக்கர அலைன்மெண்ட் இன்னும் கெட்டு டயர் ஓரம் ரம்பமாய்த் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒருவன் ஸ்டேரிங் வளையத்தையே கழற்றி, முடிச்சு நேரே வரும்படி மாட்டிக் கொடுத்தான். கண்ணுக்குச் சரியாகிவிட்டது. வண்டி மட்டும் பழையபடி இடது பக்கமே இழுத்தது. அடியில் குனிந்து பார்த்தவர்கள் எல்லாம் யூ போல்ட்டைத் தட்டிப் பார்த்து, “கல்லு மாரி இருக்குது” என்றார்கள். எனக்கும் அதில் ஒரு நிம்மதி.

திண்டிவனத்தில், மில்லுக்குப் பக்கத்தில் பட்டை வேலை செய்கிற மேஸ்திரி ஒருவன் இருந்தான். அதிகம் பேசாத ஆள். வண்டியை நேராக நிறுத்தச் சொல்லி, வலது பக்கம் முன் சக்கரத்து நடுவிலிருந்து பின் சக்கரத்து நடுவரை ஒரு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டான். அதே நூலை இடது பக்கம் பிடித்தான். நூல் தொங்கியது.

“இந்தப் பக்கம் ரெண்டு விரக்கட கம்மி. அச்சு பின்னால போயிருக்குது” என்றான்.

பட்டைக் கட்டைப் பிரித்தபோது சென்டர் போல்ட் இரண்டு துண்டாக வந்தது. அச்சு நகர்ந்த இடத்தில் இழுத்த தடம் துருப்பிடித்துத் தெரிந்தது. மேஸ்திரி அதை விரலால் தடவிக் காட்டினான். “யூ போல்ட்டு லூஸா இருந்திருக்குது. ஒரு புடி பிரேக்கு, சென்டர் போல்ட்டு துண்டாயிடுச்சி. அப்புறமா எவனோ வந்து யூ போல்ட்ட இறுக்கி வச்சிக்கிறான். போன எடத்துலயே அச்சு உக்காந்துக்கிச்சி. அதான் யாருக்கும் தெரில.”

எவனோ இல்லை. எருமைக்காக பிரேக் மிதித்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து, நான் விட்ட வேலையைச் செய்து முடித்துவிட்டு, அப்புறம்தான் சாவியை என் கையில் கொடுத்திருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்துக் கண்டாச்சிபுரம் போனேன். வாசலில் டிராக்டருக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். உள்ளே அவன் மனைவி சோறு வடிக்கும் வாசனை வந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“நான் டைட் வைக்கல சகல. வச்சேன்னு பொய் சொன்னேன்” என்றேன்.

“தெரியும். நட்ட கையால சுத்தினா சுத்துச்சு.”

“அப்ப ஏன் மொதலாளிகிட்ட சொல்லல?”

“உன் பொண்டாட்டி மாசமா இருந்துச்சி. உன் வேல போயிடும்னு நெனச்சேன். நீயே சொல்லுவன்னும் நெனச்சேன். பத்து நாள் பாத்தேன்.” கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்: “இப்ப மொதலாளிகிட்ட சொல்லிட்டியா?”

“உங்கிட்ட மொதல்ல சொல்லலாம்னு வந்தேன்.”

“எங்கிட்ட இன்னாத்துக்கு? எனக்குத்தான் தெரியுமே. போயி அவர்கிட்ட சொல்லிட்டு வா. ஒண்ணா உக்காந்து சாப்புடலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவன் மனைவி கதவோரம் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவரே முந்திக்கொண்டார். “வண்டி சரியாயிடுச்சாமே? இன்னாதான்யா கோளாறு?”

“சென்டர் போல்ட்டு ஒடஞ்சிருந்துதுங்க” என்றேன். “பழைய போல்ட்டுங்க.”

“நீதான்யா வண்டிய வண்டியா பாக்கற” என்று சொல்லி, உள்ளே திரும்பி எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். நான் நின்றபடியே குடித்தேன்.

அதற்குப் பிறகு அந்த லாரியை நாலு வருஷம் ஓட்டினேன். வண்டி நூல் பிடித்த மாதிரி போயிற்று. அச்சை இடத்துக்குக் கொண்டுவந்த மேஸ்திரியே ஸ்டேரிங் வளையத்தையும் திருப்பி மாட்டியிருந்தான். சிவப்பு முடிச்சு நிறம் வெளுத்து, மூக்குக்கு நேராகவே நின்றது. அவிழ்க்க மனம் வரவில்லை. முதலாளியும் காலமாகிவிட்டார், இனி சொல்லவும் ஆள் இல்லை. உறவில் கல்யாணம் காட்சி என்றால் சகலையும் நானும் பார்த்துக்கொள்கிறோம், சௌக்கியமா என்று கேட்டுக்கொள்கிறோம். கண்டாச்சிபுரத்தில் அவன் வீட்டில் மட்டும் நான் இன்னும் சாப்பிடவில்லை.