வெள்ளைச் சர்க்கரை துளியும் இல்லாத தவக்காலம்

அக்காவின் கண்ணில் புரை முற்றிவிட்டது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மருத்துவர் சொன்னது ஒன்றுதான்: சர்க்கரை இறங்கட்டும், ஆபரேஷனுக்கு நாள் தருகிறேன். நாள் தள்ளத் தள்ள அவளுடைய உலகம் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கோயிலில் பைபிள் வாசகம் படிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் வேறொருத்தியிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து, மனப்பாடமாகத் தெரிந்த வரிகளுக்கு உதட்டை மட்டும் அசைத்தாள்.

சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பலோடு வந்து, ஈஸ்டர் வரைக்கும் இனிப்பைத் தொடமாட்டேன் என்றாள். எங்கள் வீடுகளில் தவக்காலத்துக்கு ஆளுக்கொரு ஒறுத்தல் உண்டு. ஒருவர் கறியை விடுவார், ஒருவர் பிராந்தியை, ஒருவர் சீரியலை. எதை விடுவதென்று நான் யோசித்து முடிப்பதற்குள், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வந்துவிடும். அக்கா அப்படியில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கேக்கை வாங்கினாள், முகர்ந்தாள், என்னிடம் நீட்டிவிட்டாள். கடவுளுக்கும் டாக்டருக்கும் ஒரே விரதம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

தவக்காலத்தின் பாதியில் ரத்தம் சோதிக்கக் கொடுத்தோம். சர்க்கரை ஏறியிருந்தது.

என்னம்மா சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அக்காவின் முகம் சிறுத்துப்போனது. தான் ஒறுத்தலில் இருப்பதாகவும் பொய் சொல்லும் பழக்கம் இல்லையென்றும் சொன்னாள். அவர் மாத்திரையை மாற்றி எழுதி, ஈஸ்டருக்கு முன்னால் இன்னொரு தடவை பார்ப்போம் என்றார்.

அன்று சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வந்தவள், அலமாரியிலிருந்து ஒரு பச்சை டப்பாவை எடுத்துத் திறந்தாள். சிறுதானிய உருண்டை. நெல்லித்தோப்புக் கடையில் வாங்கியதாம், தினமும் இந்த நேரத்துக்கு ரெண்டு. எனக்கும் ஒன்று தந்தாள். வாயில் போட்டேன். ஊரே தித்தித்தது.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மண்ணின் மடியிலிருந்து உங்கள் கைக்கு. முன்னோர் மறைத்து வைத்த ஆற்றல். ஒவ்வொரு கடியிலும் ஒரு விடியல். வெள்ளைச் சர்க்கரை துளியும் இல்லை. கவலையே வேண்டாம், அள்ளிச் சாப்பிடுங்கள். கோபம் வரவேண்டும், வரவில்லை. எங்கோ ஒரு மின்விசிறிக்கு அடியில் ஒருவன் உட்கார்ந்து, கம்பைக் கம்பு என்று மட்டும் எழுதினால் யார் வாங்குவார்கள் என்று நகம் கடித்திருப்பான். நானும் எழுதிப் பிழைப்பவன். இந்த ஊர்ச் சமுத்திரத்தை, அது எந்நாளும் இருந்திராத என்னென்னவோவாக எழுதியிருக்கிறேன். அதைக் குடித்துப் பார்த்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்பக்கம், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில்: வெல்லம், தேன், பேரீச்சைப் பாகு. எதுவும் பொய்யில்லை. அக்காவின் கண்ணுக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் எட்டியது, அவ்வளவே.

"வெல்லம் போட்டிருக்குதுக்கா."

"எங்க? போடலன்னு அவனே எழுதியிருக்கான்."

"வெள்ளச் சர்க்கரை போடலன்னு எழுதியிருக்கான்."

டப்பாவை மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடினாள். கண்ணைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அப்போ இத்தன நாளும் நான் ஒறுத்தல்ல இல்லியாடா?"

தெரியாமல் நடந்ததுதானே என்றேன்.

"நாக்குக்குத் தெரிஞ்சிருக்கும். இனிக்கத்தான செஞ்சிது."

மறுநாள் போய்க் கோயில் சாமியாரிடம், இதையும் பாவமென்று சொல்லிப் பாவசங்கீர்த்தனமே செய்துவிட்டு வந்தாள். சாமி சிரித்துவிட்டாராம். அவர் அறையிலும் அதே டப்பா இருக்கிறதாம்.

அதற்குப் பிறகு கடைக்கு அவளோடு நானும் போனேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். நான் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை வாய்விட்டுப் படிப்பேன், அவள் திரும்ப வைத்துவிடுவாள். ஓட்ஸ் பிஸ்கட் போனது. மூலிகைப் பானம் போனது. இதயத்துக்கு இதமான ஏதோ ஒன்றும் போனது. சார் இப்படியே படிச்சிக்கினு இருந்தா யாவாரம் ஆவுமா என்று கடைக்காரர் அங்கலாய்த்தார். ஆனால் அவருக்கும் சர்க்கரை. கல்லாவுக்குக் கீழேயிருந்து தான் தின்கிற பிஸ்கட்டை எடுத்து, இதையும் கொஞ்சம் பாருங்க என்று நீட்டினார். பார்த்தேன். பாவம், அன்றைக்கு டீயை வெறும் டீயாகக் குடித்தார். அக்கா கடைசியில் கொண்டைக்கடலை மட்டும் நிறுத்து வாங்கினாள்.

குருத்து ஞாயிறு முடிந்து மறுபடியும் ரத்தம் கொடுத்தோம். இறங்கியிருந்தது. முழுசாக இல்லை, ஆபரேஷனுக்குப் போதும் என்றார்கள். ஈஸ்டர் கழிந்த வாரம், வலது கண் முதலில். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். விழுப்புரம் பஸ்ஸிலிருந்து மருத்துவ ஃபைல்களோடு கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று பார்த்தால், என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சர்க்கர எறங்கலன்னாலும் பரவால்லன்னு ஒரு பக்கம் தோணிக்கினே இருந்துதுடா."

"ஏங்க்கா?"

"கண்ணுல கத்தி வப்பாங்கல்ல."

வலிக்கவே வலிக்காது, பூப்போல இருக்கும் என்று வாய் வரைக்கும் வந்தது. எனக்கு எப்படித் தெரியும்?

"நான் வெளிய உக்காந்திருப்பேங்க்கா."

பிடியைத் தளர்த்தினாள்.

"சாப்ட்டு வந்து உக்காரு. நேரமாவுமாம்."