சுவருக்குள் இருந்த நெருப்பு

மாயவரத்திலிருந்து கப்பலேறி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நான் வந்து சேர்ந்த நாலாவது நாள், ஏணியில் நின்றுகொண்டிருந்த ஒரு சீனர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "ஆப்பி சூடா மாசோக்" என்றார். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் அன்றுதான் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது மலாயில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆப்பி என்றால் நெருப்பு என்று பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா தீப்பெட்டி வாங்கும்போது சொல்லிக் கொடுத்திருந்தாள். சூடா என்பது தமிழாகவே காதில் விழுந்தது. மிச்சத்தை அவர் விரல் சொல்லியது. அது எங்கள் வீட்டுக் கூரையைக் காட்டியது. சாமி படத்தையும் அரிசி டின்னையும் வாரிக்கொண்டு, வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று கத்தியபடி தெருவுக்கு ஓடினேன். வரிசை முழுக்க வெளியே வந்துவிட்டது. அந்த மனிதர் ஏணியிலேயே திகைத்து நின்றார். வீட்டுக்குள் மின்சாரம் வந்துவிட்டது என்றுதான் அவர் சொன்னாராம். சூடா என்றால் 'ஆயிற்று' என்று அர்த்தமாம். இந்த ஊரில் அடுப்பில் எரிவதும் ஆப்பி, விளக்கில் எரிவதும் ஆப்பி. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் என் பயம் சிரிப்போடு போகவில்லை. மாயவரத்தில் எனக்குப் பன்னிரண்டு வயதாயிருக்கும்போது எங்கள் தெருக்கோடியில் ஒரு கீற்றுக் கொட்டகை பற்றிக்கொண்டது. அன்றும் பயந்தோம். ஆனால் அந்த நெருப்பு வருவதற்கு முன்பே அதன் புகை வந்தது, வாசனை வந்தது, ஆட்களின் கூச்சல் வந்தது. மாட்டை அவிழ்க்கவும் தண்ணீர் சேந்தவும் எங்களுக்கு நேரம் இருந்தது. இங்கே வந்த நெருப்புக்குப் புகை இல்லை, சத்தம் இல்லை. சுவரோடு சுவராகப் படுத்துக் கிடந்தது. முதல் ஒரு மாதம் நான் சுவிட்சை விரலால் தொட்டதே இல்லை, மரக்கரண்டியால் தள்ளுவேன். விளக்கு எரியும் அறையில் தலை வாரிக்கொள்ளவும் கூசும். என் நிலையைக் கண்டு இரக்கப்பட்டவர் அந்தச் சீனர்தான். வேலை முடிகிற நாளில் என்னை வெராண்டாவுக்குக் கூப்பிட்டு, அங்கே சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்து, "மாத்தி" என்றார். மேலே தள்ளி, "ஈடோப்" என்றார். இறந்தது, உயிர்த்தது. இரண்டு தடவை செய்து காட்டினார். நான் தலையை ஆட்டினேனே தவிர, அந்தக் கைப்பிடியைத் தொடவில்லை.

ஒன்றரை வருஷம் போயிற்று. இதற்குள் மகள் பிறந்தாள், பாசாரில் மீனுக்கும் கீரைக்கும் பேரம் பேசுகிற அளவுக்கு எனக்கு மலாய் வந்துவிட்டது. அந்தச் சமயம்தான் என் கணவர் மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அவர் சரக்கு ஆபீஸில் கிளார்க். வெள்ளை டிரில் கோட்டில் ஒரு மடிப்பு தெரிந்தாலும் அவருக்குப் பொறுக்காது. கரிப்பெட்டியிலிருந்து பொறி பறந்து கோட்டில் ஓட்டை விழுந்ததை இரண்டு தடவை பார்த்தவர், இதில் பொறியே வராது என்று குழந்தையைப் போலச் சந்தோஷப்பட்டார். பின்னறையில் தொங்கும் பல்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பித்தளை ஹோல்டரில் இஸ்திரிப் பெட்டியின் முனையை மாட்டுவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். நூல் சுற்றிய அந்த வயர் நாளடைவில் முறுக்கேறி, ஹோல்டருக்குக் கீழே நைந்துபோயிற்று. ஒருநாள் பெட்டியைத் தொட்டபோது எறும்பு ஊர்வதுபோல் கை விறுவிறுத்தது. நான் சொன்னதற்கு அவர், "கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். நீ எதுக்கும் பயப்படுறவ" என்றார். அடுத்த வாரம் அவர் கையிலேயே அது ஒரு வெட்டு வெட்டியது. அதற்குப் பிறகுதான் கம்பிக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். வந்தவர் அதே சீனர்.

அது மழைவிட்ட காலை. பின்னறைக் கூரை ஒழுகிச் சிமெண்டுத் தரை நனைந்து கிடந்தது. கம்பிக்காரர் ஹோல்டரைப் பார்த்தார், வீட்டுக்குள் வரும் கம்பியையும் பார்த்தார், இரண்டுமே மோசம் என்றார். தெருமுனைக் கம்பத்தில் போய் வரிசைக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டு வருவதாகவும், அதுவரை எதையும் தொடவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். என் கணவருக்கு ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, ஹோல்டரில் மாட்டியிருந்த முனையைத் தாமே கழற்றி வைக்கப் பின்னறையில் காத்திருந்தார். நான் தூளியிலிருந்த குழந்தையை ஆட்டியபடி வாசல் பக்கம் நின்றேன். பக்கத்து ரயில்வே ஷெட்டிலிருந்து ஓர் எஞ்சின் நீராவியைக் கக்கிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தத்துக்கு நடுவே தெருமுனையிலிருந்து கம்பிக்காரர் கையை ஆட்டிக் கத்தினார்: "ஆப்பி பெலும் மாத்தி!"

உள்ளேயிருந்து என் கணவர் கேட்டார், "என்ன சொல்றான்?"

"ஆப்பி மாத்தின்னு சொல்றாருங்க" என்றேன்.

நடுவில் இருந்த வார்த்தை எனக்குத் தெரியாது. தெரியாத வார்த்தையை விட்டுவிட்டுத் தெரிந்த இரண்டையும் சொன்னேன். பாசாரில் நான் தினமும் அப்படித்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பின்னறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தார். வலதுகை ஹோல்டரைப் பிடித்திருந்தது. உடம்பு முழுக்க உதறியது, ஆனால் கை மட்டும் விடவில்லை. கண் என்னைத்தான் பார்த்தது, வாய் திறக்கவில்லை. அவரைப் பிடித்து இழுக்க இரண்டு எட்டு ஓடினேன். எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது. கம்பிக்காரர் செய்து காட்டியது கண்ணில் வந்தது. திரும்பி வெராண்டாவுக்கு ஓடினேன். இத்தனை நாள் பக்கத்தில் துடைப்பம்கூடச் சாய்த்து வைக்காத அந்த இரும்புக் கைப்பிடியை வெறுங்கையால் பிடித்தேன். இப்போது நானும் ஒட்டிக்கொள்ளப் போகிறேன், குழந்தை தூளியில் கிடக்கிறது என்று ஒரே ஒரு நினைவு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கீழே இழுத்தேன். உள்ளே அவர் விழுந்த சத்தம் கேட்டது.

ரோசம்மா அக்காவும் கம்பிக்காரரும் ஒன்றாக ஓடி வந்தார்கள். கம்பிக்காரர் அவர் மார்பில் காதை வைத்துப் பார்த்தார், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஈடோப்" என்றார்.

உயிர் தங்கியது. வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. பின்னால் கட்டுப் பிரித்தபோது இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. எழுதிப் பிழைக்கிறவருக்குக் கை போனால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து நான் நினைக்காத நினைப்பில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கம்பிக்காரர் என்ன சொன்னார் என்பதை ரோசம்மா அக்கா எனக்கு விளக்கியிருந்தாள். பெலும் என்றால் 'இன்னும் இல்லை'. என் கணவர் வீடு திரும்பிய மூன்றாம் நாள் என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கு அவரு பெலும்னு சொன்னாருங்க. எனக்குப் புரியல. அதை விட்டுட்டுச் சொல்லிட்டேன்."

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்குத் தெரியும். எஞ்சின் போனப்புறம் அவன் மறுபடி கத்தினான். கேட்டுச்சு. அதுக்குள்ள கை வச்சுட்டேன்" என்றார். அதற்கு மேல் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்கு மாதத்தில் மறுபடி பேனா பிடித்தார். எழுத்து இப்போது இடதுபக்கம் சாய்ந்திருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. போன வருஷம் மாயவரம் போனபோது எங்கள் தெருவிலும் கம்பம் நட்டிருந்தார்கள். எதை வாங்கலாம், எதற்குப் பயப்படவேண்டும் என்று அண்ணி கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மின்விளக்கு நல்லது, கண் எரியாது, புகை இல்லை, தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டி வாங்கினால் அதற்கென்று சுவரில் தனி இடம் வைக்கச் சொல்லுங்கள், பல்பு ஹோல்டரில் மாட்டவே மாட்டாதீர்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், காய்ந்த பலகை ஒன்றைக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். வயரின் நூல் பிரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கை விறுவிறுத்தது என்று வீட்டுப் பெண் சொன்னால் சிரிக்காதீர்கள். மெயின் சுவிட்சுக்கு முன்னால் பெட்டி படுக்கையை அடுக்காதீர்கள், அதை இழுக்க வீட்டில் எல்லோரும் பழகியிருக்க வேண்டும். யாராவது ஒட்டிக்கொண்டால் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் சுவிட்சு, அது எட்டாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். இங்கே புதிதாக வரும் சகோதரிகளுக்கு இன்னொன்று: புரியாத வார்த்தையை விழுங்கிவிட்டுத் தலையாட்டாதீர்கள். நூறு பேர் சிரித்தாலும் மறுபடி கேளுங்கள்.

அண்ணியிடம் இவ்வளவும் சொல்லிக்கொண்டிருந்த அதே அந்திப்பொழுதில் கூடத்திலிருந்து என் மகள் வீறிட்டாள். ஸ்டூல்மேல் இருந்த மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். ஐந்து வயது. சுவிட்சுப் பக்கம் போகாதே, வயரைத் தொடாதே என்று நான் மிரட்டி மிரட்டி வளர்த்த பெண். அவள் விரல்களைச் சொம்புத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விளக்கு சுடும்னுகூடவா பிள்ளைக்குச் சொல்லித் தரல?" என்று அண்ணி கேட்டாள். கோபமாக அல்ல, ஆச்சரியமாகத்தான் கேட்டாள்.

"கண்ணாடிக்குள்ளதானம்மா இருந்துச்சு" என்று மகள் தேம்பினாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுக்குப் போலாம்மா" என்றாள்.

நான் பிறந்த வீட்டின் கூடத்தில், என் அம்மா வைத்த இடத்திலேயே இருந்த விளக்கின் அருகில் நின்றுகொண்டு, "போலாம்டா" என்றேன். சொன்ன பிறகுதான் அண்ணி என்னைப் பார்ப்பது தெரிந்தது. விளக்கை எடுத்து, ஸ்டூல்மேல் ஏறி, எங்கள் இருவருக்கும் எட்டாத உயரத்தில் இருந்த மாடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.