பாவாயி மெழுகிய தரை

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் செவ்வாய், வெள்ளியில்தான் தரைக்குச் சாணி மெழுகுவார்கள். பாவாயி தினமும் மெழுகினாள்.

தலைப்பிரசவத்தில் சாகக் கிடந்தவளுக்கு, மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருத்தி மண்டியிட்டு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள். வீட்டில் ஏசு பேரை எடுத்தால் அன்றைக்கே தாய்வீட்டுக்கு வண்டி கட்டிவிடுவார்கள். பிள்ளையை அவளோடு அனுப்பமாட்டார்கள். ஆனால் சாணிச் சட்டியோடு மண்டியிட்டவளை யார் ஏனென்று கேட்கப்போகிறார்கள்? அறை அறையாக மெழுகிக்கொண்டே ஆண்டவரிடம் பேசிவிடுவாள். இப்படியே வருஷங்கள் ஓடின. சுத்தக்காரி என்று ஊரே மெச்சியது. அவளுக்குத்தான் கூசியது.

1936-ல் ஒரு நாள் வாசலில் சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கின. கணவன் நல்லப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தங்கமான மனுஷன், அவன்மேல் கோபப்படவும் வழியில்லை.

"உனக்கோசரந்தான் புள்ள. முட்டியெல்லாங் காச்சுப்போச்சு பாரு. இனிமே நீ மண்டி போடவே வேண்டாம்."

பாவாயி மூட்டைகளை எண்ணிப் பார்த்தாள்.

"அடுப்படிய மட்டுமாச்சும் உட்டுருங்க. அத நான் மொழுகிக்கறனுங்க."

"அதுக்குஞ் சேத்துத்தான் வாங்கியிருக்குது" என்றான் நல்லப்பன், ஆசையாக.